அச்சம் வரும் திசை: தமிழ் மேடையும் நகராட்சியும் திருப்பூரும்

1. கேள்வி

தமிழ் மேடையில் சிரிப்புக்கு என்றும் குறைவிருந்ததில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் தொடங்கி சோ, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் வரை நகைச்சுவை நாடகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆட்சியில் இருப்பவர்களைக் கிண்டல் செய்வதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். ஆனால் அந்த மேடைக்கு அமைச்சர்கள் வந்த அளவுக்கு நகராட்சித் தலைவர்கள் வரவில்லை. வார்டு கவுன்சிலரும் பில் கலெக்டரும் சுகாதார ஆய்வாளரும் ரோடு கான்ட்ராக்டரும் இடையிடையே தலைகாட்டிப் போயிருக்கிறார்கள். அவர்களையே முதன்மைப் பாத்திரங்களாக்கி, நகராட்சி அலுவலகத்தையே களமாக்கி, ஊர் ஊராக நடந்து இன்றும் நினைவில் நிற்கிற முழுநீள நகைச்சுவை நாடகம் தமிழில் எது என்று கேட்டால் சட்டென்று ஒரு பெயர் வருவதில்லை.

இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேடத் திருப்பூர் பொருத்தமான ஊர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அந்த ஊருடையது. 2008இல் மாநகராட்சியானது, 2009இல் மாவட்டத் தலைநகரானது. குடிநீர், சாயக்கழிவு, குப்பை, வீட்டு வாடகை, வெளியூர்த் தொழிலாளர் என்று உள்ளாட்சி சந்திக்கக்கூடிய எல்லாச் சிக்கல்களும் அங்கே ஒன்றாகக் குவிந்திருக்கின்றன. உள்ளாட்சியைப் பற்றி ஒரு நாடகம் எழுத இதைவிடச் செறிவான களம் கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் அந்த நாடகம் ஏன் வரவில்லை?

இங்கே முன்வைக்கப்படும் வாதம் இதுதான்: உள்ளாட்சி நகைச்சுவையின் வடிவத்தைத் தீர்மானிப்பது அலுவலருக்கு அச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது. மேலதிகாரிக்கு அஞ்சும் ஊரில் ஒரு வகை நாடகம் பிறக்கிறது. வாக்காளருக்கு அஞ்சும் ஊரில் வேறொரு வகை பிறக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் இரண்டாம் வகை அச்சம் வேர்விட நீண்ட காலம் இடமே தரப்படவில்லை.

2. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

நேரடியாக இக்கேள்வியை எடுத்துக்கொள்ளாவிட்டாலும், தமிழ் நாடக ஆய்வுகளிலிருந்து மூன்று விளக்கங்களைத் திரட்டலாம்.

முதல் விளக்கம் பார்வையாளரைச் சார்ந்தது. சென்னையின் சபா நாடகங்களை ஆராய்ந்த கிரிஸ்டன் ருடிசில், அவை ஒரு குறிப்பிட்ட நடுத்தர வர்க்கத்தின் ரசனையை உருவாக்கி, அந்த ரசனையாலேயே உருவாக்கவும் பட்டன என்று காட்டுகிறார். வீட்டுக்கூடம், அலுவலகம், திருமணம் ஆகியவையே அந்த மேடையின் இயல்பான களங்கள். இது உண்மை, ஆனால் முழு விடையாகாது. அதே சபா மேடையில்தான் கோமல் சுவாமிநாதன் வறண்ட கிராமம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்வையாளர் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது விளக்கம் அரசியல் சார்ந்தது. விடுதலைப் போராட்டக் காலத் தமிழ் நாடகத்தையும் சினிமாவையும் பற்றி சு. தியடோர் பாஸ்கரன் எழுதிய ஆய்வு, கம்பெனி நாடக நடிகர்கள் தேசியத்தின் குரலாக மாறியதை விவரிக்கிறது. பின்னர் திராவிட இயக்கம் மேடையைத் தன் கொள்கை மேடையாக்கியது. இரண்டு இயக்கங்களுக்கும் இலக்கு பெரிது: ஏகாதிபத்தியம், சாதி, மதம், மொழி. சாக்கடைக்கும் குழாய்க்கும் அங்கே இடமில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த இயக்கங்களின் தலைவர்களே நகராட்சியிலிருந்து வந்தவர்கள். 1910களின் இறுதியில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி; ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். திருப்பூருக்குப் பக்கத்து நகராட்சியின் நாற்காலியில் பெரியார் அமர்ந்திருந்த காலத்தில், உள்ளாட்சி சிறிய விஷயமாகக் கருதப்படவில்லை.

மூன்றாவது விளக்கம், சினிமா இந்தப் பொருளை எடுத்துக்கொண்டுவிட்டது என்பது. ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ (2016) கழிப்பறைத் திட்ட ஊழலைப் பேசியது. மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021) ஊராட்சித் தேர்தலையே கதையாக்கியது. இப்படங்கள் பெற்ற வரவேற்பு, பொருளில் மக்களுக்கு ஆர்வம் உண்டு என்பதை நிறுவுகிறது. ஆனால் 2016 முதல் வந்த படங்களைக் கொண்டு, நாடகம் செழித்திருந்த ஐம்பது, அறுபது, எழுபதுகளின் மௌனத்தை விளக்க முடியாது.

ஆகவே மூன்று விளக்கங்களும் பகுதி உண்மைகள். மீதியை அறிய, இப்படியொரு நாடகம் பிறந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

3. இரண்டு மாதிரிகள்

நிகொலாய் கோகோலின் ‘அரசு ஆய்வாளர்’ 1836இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஜார் முதலாம் நிக்கொலாயே வந்து பார்த்தார். கதை எளியது. தலைநகரிலிருந்து ஓர் ஆய்வாளர் அடையாளம் மறைத்து வருகிறார் என்ற செய்தி ஒரு சிற்றூருக்கு எட்டுகிறது. விடுதிக்குக் கட்ட வேண்டிய பணம் இல்லாமல் தவிக்கும் ஒரு வெற்று இளைஞனை அந்த ஆய்வாளர் என்று ஊர் அதிகாரிகள் தவறாக எண்ணி, பணமும் விருந்தும் கொடுத்து வணங்குகிறார்கள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். பிறகு உண்மையான ஆய்வாளர் வந்துவிட்டார் என்ற அறிவிப்போடு எல்லோரும் சிலையாக உறைய, திரை விழுகிறது.

நாடகத்தின் வலிமை முதல் அங்கத்திலேயே இருக்கிறது. செய்தி கேட்டதும் நகரத் தலைவர் பிறப்பிக்கும் உத்தரவுகளைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குச் சுத்தமான தொப்பி போடச் சொல்கிறார். நீதிமன்ற வாசலில் வாத்துகள் திரிவதைத் தடுக்கச் சொல்கிறார். பழைய வேலி ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அங்கே ஏதோ வேலை நடப்பதுபோல் அடையாளம் நடச் சொல்கிறார். பணம் ஒதுக்கப்பட்டும் கட்டப்படாத தேவாலயத்தைப் பற்றிக் கேட்டால், கட்டத் தொடங்கித் தீப்பிடித்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார். நிர்வாகம் என்பது பார்வைக்கான ஏற்பாடாகச் சுருங்கிவிட்ட நிலையை இந்தச் சில உத்தரவுகளே காட்டிவிடுகின்றன.

இங்கே ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கோகோலின் நகரத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், நியமிக்கப்பட்டவர். ஊர் மக்களின் முறையீடுகள் அவரைத் தொடுவதில்லை. வணிகர்கள் முறையிடுகிறார்கள், தவறாகக் கசையடி வாங்கிய பெண் முறையிடுகிறாள். அவர்களும் அந்தப் போலி ஆய்வாளரிடம்தான் போய் நிற்கிறார்கள். அச்சமும் நம்பிக்கையும் ஒரே திசையில், மேலே பார்த்தபடி இருக்கின்றன.

இன்னொரு மாதிரி நமக்கு அருகிலேயே, மராத்தி மேடையில் உண்டு. மாதவ் நாராயண் ஜோஷி 1920களின் நடுவில் எழுதிய இசை நாடகத்தின் பெயரே ‘மியூனிசிபாலிட்டி’. நகராட்சி அரசியலைக் கிண்டல் செய்த அந்த நாடகம் மராத்தி நாடக வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. பின்னர் பு.ல. தேஷ்பாண்டே கோகோலின் நாடகத்தைத் தழுவி ‘அம்மல்தார்’ என்ற நாடகத்தை எழுதினார். அம்மேடையில் இரண்டு வகையும் வேர்கொண்டன.

ஜோஷியின் நாடகம் எழுந்த சூழல் முக்கியமானது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின் இந்திய நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் வரத் தொடங்கினார்கள். பூனா நகராட்சியில் திலகரே உறுப்பினராக இருந்தார். வாக்கு கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தவர், பிறகு மன்றத்தில் என்ன செய்தார் என்பதை ஊர் அறிந்திருந்தது. அரங்கில் அமர்ந்திருந்தவர்களும் வரி கட்டுபவர்கள், வாக்களிப்பவர்கள். இது கீழிருந்து பிறக்கும் நகைச்சுவை. இங்கே ஆய்வாளர் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவரே ஆய்வாளர்.

4. தமிழ்ச் சான்றுகள்

தமிழில் தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சைதாப்பேட்டை காசி விஸ்வநாத முதலியார் எழுதிய ‘தாசில்தார் நாடகம்’, தாலுகா அலுவலகத்தின் லஞ்சத்தையும் கெடுபிடியையும் பேசியது. புராணக் கதைகளே மேடையை நிறைத்திருந்த காலத்தில், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அலுவலகத்தை நாடகப் பொருளாக்கியது பெரிய துணிவு. ஆனால் தாசில்தாரும் மேலிருந்து நியமிக்கப்பட்டவரே. அந்தத் தொடக்கத்திலிருந்து நகராட்சியை நோக்கி ஒரு மரபு வளரவில்லை.

அடுத்த பெரிய சான்று சோவின் ‘முகமது பின் துக்ளக்’. 1968இல் மேடையேறி, 1971இல் படமாகவும் வந்தது. துக்ளக் மன்னன் உயிரோடு எழுந்து வந்துவிட்டதாக நம்பவைக்கும் போலி, தேர்தலில் வென்று பிரதமராகிறான். போலியை ஊர் நம்புவது என்ற அளவில் கோகோலின் நாடகத்துக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு. வேறுபாடு அதைவிடப் பெரிது. கோகோலில் போலி எதையும் திட்டமிடுவதில்லை. ஊரின் குற்ற உணர்வே அவனை ஆய்வாளராக்குகிறது. சோவின் போலி திட்டமிட்டே வருகிறான். அம்பலமாவது கட்சித்தாவலும் பதவி ஆசையும். பார்வை தில்லியிலும் கோட்டையிலும் நிலைகொண்டிருக்கிறது. ஒரு வார்டின் குழாயோ தெருவிளக்கோ அந்த நாடகத்தின் கவலையாகவில்லை.

மூன்றாவது சான்று கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’. 1980இல் நாடகமாக வந்து, மறு ஆண்டு கே. பாலசந்தர் இயக்கத்தில் படமானது. கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்ற கிராமம் தண்ணீருக்காக மனுப் போட்டுச் சலித்து, தேர்தலைப் புறக்கணித்து, தானே வாய்க்கால் வெட்டத் தொடங்குகிறது. அரசு அனுமதி இல்லையென்று அதுவும் தடுக்கப்படுகிறது. நகைச்சுவைத் தருணங்கள் இருந்தாலும் இது துயர நாடகமே. நம் ஆய்வுக்கு முக்கியமான செய்தி வேறு: அந்த மக்கள் மோதுவது மாவட்ட நிர்வாகத்தோடும் பொதுப்பணித் துறையோடும் சட்டமன்றத் தேர்தலோடும். ஊராட்சி என்ற அமைப்பு கதையின் விசையாக இல்லை. எழுதியவர் எதையும் தவறவிட்டதாக இதைக் கொள்ளக் கூடாது. அன்றைய கிராமத்தில் அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கேதான் நாடகமும் போய் நின்றது.

ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ தேர்தல் போட்டியையே அபத்த வடிவில் காட்டியது. அதன் கூர்மை மறுக்க முடியாதது. ஆனால் அது ஊர்ப்பெயரற்ற, எந்த ஊருக்கும் பொருந்தும் உருவக நாடகம். ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் கோப்பும் டெண்டரும் அதன் நோக்கத்துக்கு வெளியே இருந்தன.

5. மூடிய மன்றமும் உரிமம் கேட்ட மேடையும்

இச்சான்றுகளை வரிசைப்படுத்தினால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: தமிழ் அங்கதம் நகராட்சியைத் தாண்டி மேலே போகிறது, அல்லது அதற்கு அடியில் கிராமத்துக்குப் போகிறது. இதற்கு இரண்டு அமைப்புக் காரணங்களைக் காட்டலாம்.

முதலாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லாமலிருந்த ஆண்டுகள். சென்னை மாநகராட்சி மன்றம் மஸ்டர் ரோல் ஊழலை அடுத்து 1973இல் கலைக்கப்பட்டது. மீண்டும் தேர்தல் நடந்தது 1996இல். வேலைக்கு வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டது என்ற அந்த விவகாரம், எந்த நாடகாசிரியருக்கும் தானே வந்து வாய்த்திருக்க வேண்டிய கதை. ஆனால் மன்றமே மறைந்துவிட்ட பிறகு கிண்டல் செய்யக் கவுன்சிலர் யார்? சபா நாடகங்கள் உச்சத்தில் இருந்த எழுபது, எண்பதுகளில் தலைநகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி இல்லை. பிற நகரங்களில் 1986இல் தேர்தல் நடந்தது, அடுத்தது 1996இல்தான். அண்மையிலும் இது தொடர்ந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19இல்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேல் திருப்பூர் உட்பட எல்லா நகரங்களையும் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தனி அலுவலர் மேலே பதில் சொல்பவர்; அச்சத்தின் திசையைப் பொறுத்தவரை அவர் கோகோலின் நகரத் தலைவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

இரண்டாவது, அனுமதி முறை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துகைச் சட்டம் பிறந்த கதையில் ஒரு நகராட்சியும் இருக்கிறது. கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரை வீட்டுக்கு அழைத்து வரவேற்ற வழக்கறிஞரைக் கிண்டல் செய்து ஒரு நாடகம் நடந்தது. அதை அடுத்து, காவல் துறைத் தலைவர்களான ஹாக், லாம்ப் ஆகிய இருவரின் பெயர்களையே வைத்து இன்னொரு கேலி நாடகம் நடந்தது. ஸ்டூவர்ட் ஹாக் காவல் ஆணையராக இருந்ததோடு, கல்கத்தா நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர். அவசரச் சட்டம் வந்தது, கைதுகள் நடந்தன, ஆண்டு இறுதிக்குள் சட்டம் நிலைபெற்றது. தமிழ்நாட்டில் எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை ஒட்டி எழுந்த பிரச்சினைகளின் சூழலில் 1954இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013 ஜனவரியில் அச்சட்டத்தின் பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

இச்சட்டத்தின் பாதிப்பு எல்லா நாடகங்களுக்கும் ஒரே அளவில் இல்லை. தில்லியைக் கிண்டல் செய்யும் பிரதியை அனுமதிக்காக உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுப்பது ஒன்று. உள்ளூர் அலுவலரைக் கிண்டல் செய்யும் பிரதியை அதே அலுவலர் வட்டத்தில் கொடுப்பது வேறொன்று. சிறு நகரத்தில் அரங்கு நகராட்சிக்குச் சொந்தம். மைதானத்துக்கு அனுமதி நகராட்சியிடம். கோயில் திருவிழா நாடகம் என்றால் செலவை ஏற்பவர்கள் ஊர்ப் பெரியவர்கள். இத்தனை பேரின் தயவு இருந்தால்தான் திரை உயரும். கேலிக்கு உரியவரே மேடைக்கு உரியவராகவும் இருக்கும்போது, எழுதுபவர் கோட்டையைப் பற்றி எழுதுவதே எளிது என்று முடிவு செய்வது இயல்பு.

அப்படியானால் உள்ளூர்க் கிண்டல் எங்கே போயிற்று? எழுத்தில் வராத இடத்துக்குப் போயிற்று. தெருக்கூத்தின் கட்டியங்காரனும் ஸ்பெஷல் நாடகத்தின் பபூனும் கதையை நிறுத்திவிட்டு அந்த ஊர்ச் சங்கதியைப் பேசுவார்கள். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி 2005இல் நூலெழுதிய சூசன் சைசர், பபூனின் பேச்சு எப்படிச் சமூக எல்லைகளைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது என்பதை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். காலையில் தண்ணீர் வராதது, நாடகத்துக்கு வந்த வழியில் லைட் எரியாதது எல்லாம் இரவு பபூன் வாயில் வந்துவிடும். பிரதியில் இல்லாததால் தடுக்கவும் முடியாது; பிரதியில் இல்லாததால் மிஞ்சவும் மிஞ்சாது. ஆகவே உள்ளாட்சி நகைச்சுவை தமிழில் இல்லை என்பதைவிட, அது நூலாகாமல் போயிற்று என்பதே துல்லியமான கூற்று.

6. திருப்பூரில் அச்சத்தின் மூன்று முகங்கள்

இந்த வாதத்தைத் திருப்பூரில் வைத்துச் சோதிக்கலாம். அந்த ஊரில் நிர்வாகத்தை அசைக்கும் அச்சம் மூன்று திசைகளிலிருந்து வருவதாகத் தெரிகிறது.

முதலாவது, வெளிநாட்டுக் கொள்முதலாளர். ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் ‘ஆடிட் வருது’ என்ற சொல்லுக்கு உள்ள எடையை அங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள். பல கம்பெனிகளில் அதற்கு முந்தைய நாட்கள் ஒரே மாதிரி இருக்கும். மாடிப்படியை அடைத்துக் கிடக்கும் துணிக்கட்டுகள் நகர்த்தப்படும். பூட்டியிருந்த அவசர வழி திறக்கப்படும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் மருந்தும் வந்து சேரும். தீயணைப்பு உருளையில் புதிய தேதி ஒட்டப்படும். பெண்கள் கழிப்பறையில் சோப்பு வைக்கப்படும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு, எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பார். ஆடிட்டர் போனதும் துணிக்கட்டுகள் படிக்கே திரும்பும். கோகோலின் முதல் அங்கத்தைப் படிக்காத தொழிலாளிக்கும் அந்தக் காட்சி புதிதல்ல.

இது சிரித்து விடக்கூடிய செய்தியும் அல்ல. 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்த ஆடைத் தொழிற்சாலை, சில வாரங்களுக்கு முன்புதான் பன்னாட்டுத் தரச்சான்று பெற்றிருந்தது. பார்வைக்கான ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

இரண்டாவது, நீதிமன்றம். நொய்யலின் குறுக்கே 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. ஆற்றைக் காக்க வேண்டிய ஊர் நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அசையாத இடத்தில் நீதிமன்றம் அசைத்தது. அந்தத் தீர்ப்பை வென்றெடுத்தவர்கள் பெரும்பாலும் திருப்பூர் வாக்காளர்கள் அல்லர். ஆறு பாயும் திசையில் ஈரோடு, கரூர் மாவட்ட எல்லைகளில் வாழ்ந்த விவசாயிகள்.

மூன்றாவது, மாநில அரசும் முதலீட்டாளரும். திருப்பூரின் குடிநீர்க் கதையே இதற்குச் சான்று. 1995இல் உருவான புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தில் மாநில அரசும் நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளர் சங்கமும் பங்கேற்றன. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் விநியோகத்தில் தனியார் பங்கேற்ற நாட்டின் முன்னோடித் திட்டங்களில் அது ஒன்று. தொழிற்சாலைக்கு ஒரு விலை, நகராட்சிக்கு ஒரு விலை என்று கணக்கிடப்பட்டது. லைன் வீடுகளில் இன்றும் பேச்சு வேறு கணக்கில் நடக்கும்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை, உப்புத் தண்ணி எப்போது, லாரித் தண்ணி குடம் எவ்வளவு. ஒரே ஊரில் தண்ணீருக்கு இத்தனை பெயரும் இத்தனை விலையும் இருப்பது, நகராட்சிக் கூட்டத்தில் பேசப்பட வேண்டிய அரசியல். அதைத் தீர்மானித்த மேசை நகராட்சிக்கு வெளியே இருந்தது.

இந்த மூன்று திசைகளில் எதிலும் வார்டு வாக்காளர் இல்லை. இதற்குச் சமூக விளக்கமும் உண்டு. ஷரத் சாரி 2004இல் எழுதிய திருப்பூர் ஆய்வு, விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் தொழிலாளர் எப்படி உறவுமுறைப் பிணைப்பின் துணையோடு முதலாளிகளானார்கள் என்பதை விரிவாகக் காட்டுகிறது. அந்தத் தலைமுறைக்கு ஊர் சொந்த ஊர். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தஞ்சைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குப் பின் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் என்று பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பலருடைய வாக்கு பிறந்த ஊரில் இருக்கிறது. அவர்கள் குப்பை அள்ளாத தெருவில் குடியிருப்பவர்கள். கேள்வி கேட்கும் வாக்குச்சீட்டு கையில் இல்லாதவர்கள். கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் மாநகரக் குப்பை கொட்டப்படுவதை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் போராடியபோது, அந்தக் குப்பையை உருவாக்கிய ஊரின் பெரும்பகுதித் தொழிலாளர்கள் அந்த விவாதத்தில் ஒரு தரப்பாகவே இல்லை.

கீழிருந்து பிறக்கும் நகைச்சுவைக்குப் பார்வையாளர் குடிமகனாக இருக்க வேண்டும். திருப்பூரில் 60 வார்டுகள் இருக்கின்றன. ஆனால் அரங்கை நிறைக்கக்கூடிய உழைப்பாளிகளில் பெரும்பகுதி எந்த வார்டின் கணக்கிலும் இல்லை. நாடகம் பிறக்காததற்கு இதுவே ஆழமான காரணம் என்று கருதுகிறேன்.

7. எதிர்வாதங்கள்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம்.

வீதி நாடகங்கள் இதைப் பேசவில்லையா என்பது முதல் மறுப்பு. பேசியிருக்கின்றன. முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இரவுகளிலும் தொழிற்சங்க வாயிற்கூட்டங்களிலும் தண்ணீர், ரேஷன், கூலி பற்றிய குறுநாடகங்கள் நடந்துவந்துள்ளன. அந்த வடிவத்தின் ஆபத்தையும் நாடு அறியும். 1989 ஜனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகத்தின்போது தாக்கப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார் சஃப்தர் ஹாஷ்மி. ஒரு தொழிலாளியும் கொல்லப்பட்டார். அது காசியாபாத் நகராட்சித் தேர்தல் பரப்புரைக்காக, ஒரு தொழிற்பேட்டைத் தெருவில் நடந்த நாடகம். உள்ளாட்சி சிறிய விஷயம் என்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் வீதி நாடகம் பரப்புரையின் தேவைக்கு எழுதப்பட்டு, அது முடிந்ததும் மறைகிறது. பாத்திரங்கள் வளர்ந்து, அலுவலகத்தின் உள்வேலை திறந்து காட்டப்படுவதற்கு அரை மணி நேரம் போதாது.

கோகோலின் ரஷ்யாவில் வாக்குரிமையே இல்லாதபோது நாடகம் பிறந்ததே என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமான கேள்வி. மேலிருந்து வரும் அச்சத்திலும் பெரிய நகைச்சுவை பிறக்கும் என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் அரங்கில் அமர்ந்தவர்கள் அந்த நிர்வாகத்தை நடத்தியவர்கள். தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்தார்கள். நம்மிடம் சபா அரங்கில் இருந்தவருக்கு நகராட்சி தூரத்துச் செய்தி. நகராட்சியோடு தினமும் மல்லுக்கட்டியவருக்கு அரங்கு தூரம். இருவரும் ஒரே கூரையின் கீழ் சந்திக்கவில்லை.

8. முடிவு

தமிழ் மேடையில் நகராட்சி நகைச்சுவை நிலைபெறாததற்கு எழுத்தாளரின் திறன் குறைவோ மக்களின் ரசனைக் குறைவோ காரணமல்ல. மன்றங்கள் கலைக்கப்பட்டுக் கிடந்தன. பிரதிகள் உரிமத்துக்குக் காத்திருந்தன. ஊரைக் கட்டியெழுப்பியவர்கள் ஊரின் வாக்காளர்களாக ஏற்கப்படவில்லை. முதல் இரண்டு தடைகளும் இன்று பெருமளவு நீங்கியிருக்கின்றன. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிட்டது; 2022 முதல் மன்றங்கள் மீண்டும் கூடுகின்றன. மூன்றாவது தடை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகவே திருப்பூரின் நாடகக் குழுக்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பபூன்களின் உள்ளூர்ப் பேச்சைக் கலைஞர்கள் வாழும்போதே பதிவு செய்யுங்கள். மாமன்றக் கூட்டத் தீர்மானங்களைப் படியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் டெண்டர் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஆடிட் நாளையும் தண்ணீர் வரும் நாளையும் அறிந்த தொழிலாளிகளையே எழுத உட்காரவையுங்கள். தமிழோடு இந்தியும் ஒடியாவும் பேசும் பாத்திரங்களுக்கு அந்த மேடையில் இடம் கொடுங்கள். அந்த நாடகத்தை முதலில் நகராட்சி அரங்கிலேயே, கவுன்சிலர்களை முன்வரிசைக்கு அழைத்து நடத்துங்கள்.